குன்னூர் பங்களாவில் ஏலத்தில் எடுத்த பழைய நாற்காலி: ஈட்டியா, தேக்கா, வேறு மரமா?

குன்னூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய நாற்காலி என்ன மரத்தால் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ள உங்கள் உதவியை நாடுகிறேன்.

என் தந்தையார் குன்னூருக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1961-இல் அத்தோட்டத்தின் பெரிய துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்பா அதில் இரண்டு நாற்காலிகளை எடுத்தார். ஒன்று கோவையில் தங்கையின் வீட்டிலும் மற்றொன்று என்னிடமும் இருக்கின்றன. கைப்பகுதியை நீட்டிக் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளும் பழைய தோட்டத்துச் சாய்வு நாற்காலி அன்று இது. தாழ்வானது, கால்கள் கீழே போகப் போக மெலிந்து சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், கைகள் துடுப்பைப் போல முன்புறம் அகன்றிருக்கும், முதுகு பிரம்புப் பின்னல். ஏலத்துக்குச் சில ஆண்டுகள் முன்புதான், அதாவது 1950-களில், புது மோஸ்தரில் செய்தவை என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் பின்கால்கள் இரண்டையும் இணைக்கும் உருண்டையான குறுக்குக் கட்டை நடுவில் முறிந்துவிட்டது. அதே மரத்தில் புதிய கட்டை கடைந்து பொருத்த வேண்டும் என்பது என் விருப்பம். எந்த மரம் என்று கேட்கப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஊட்டியில் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் ஈட்டி என்றும், சண்டிகரில் செய்த நாற்காலிகளின் வகை என்றும் சொல்லி அன்றைக்கே விலைக்குக் கேட்டார். எங்கள் தெருவில் வேலை செய்யும் ஆசாரி, சாயம் ஏற்றிய தேக்கு என்கிறார். என் கணவரோ, தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கை அறுத்துச் செய்திருப்பார்கள் என்கிறார். அப்பா பத்திரமாக வைத்திருந்த ஏலச் சீட்டில் "பிளாக்வுட் சேர் – 2" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

நிறம் கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. அடிப்பக்கம் மட்டும் தேன் நிறத்தில் வெளிறியிருக்கிறது. எதைப் பார்த்தால் முடிவுக்கு வரலாம்?

கோத்தகிரி தச்சர்

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். மரம் எது என்று உறுதியாகும்வரை நாற்காலியின் எந்த வெளிப்பரப்பையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அறுபது ஆண்டுக்கு மேல் வெயிலும் கையெண்ணெயும் பட்டு ஏறிய நிறம் அது. ஒருமுறை தேய்த்துவிட்டால் எந்த பாலிஷாலும் அதை மீட்க முடியாது.

ஆனால் மரத்தைக் கண்டுபிடிப்பதற்கு அந்த நிறம் உதவாது. அக்காலத்தில் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும்போது அதனுடன் சாயத்தையும் சேர்த்துவிடுவார்கள். மலிவான மரம் விலையுயர்ந்த மரத்தின் முகத்தைக் காட்டுவது பெரும்பாலும் அப்படித்தான். அதோடு, தேக்கு வெயிலில் முதிர்ந்து நிறம் மாறும், ஈட்டி வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுக்கும். வெவ்வேறு நிறத்தில் புறப்பட்ட இரண்டு மரங்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரே நிறத்தில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கத்தில் மறைவான ஓர் இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ் என்று கொள்ளலாம். பஞ்சில் சிவப்பு இறங்கினால் சாயமும் இருக்கிறது என்று பொருள்.

மரத்தை அறிய வேண்டுமானால் அதன் நீளப் பக்கத்தை விட்டுவிட்டு, குறுக்கே வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். கட்டை முறிந்தது வருத்தம்தான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க நாற்காலியில் வேறு எங்கும் கை வைக்காமல் ஒரு வழி கிடைத்திருக்கிறது. முறிந்த முனை நார் நாராகச் சிதைந்திருக்கும். அதில் ஒன்றும் தெரியாது. நுண்பல் ரம்பத்தால் அந்த முனையை ஒரு விரல் அகலத்துக்கு நேராக அறுத்துவிடுங்கள். பிறகு புதிய சவரத் தகடு ஒன்றை எடுத்து, அறுத்த முகத்தில் ஒரு மிளகு அளவு இடத்தை மெல்லச் சீவுங்கள். தகட்டை அழுத்தாமல் ஒரே வாக்கில் இழுக்க வேண்டும். அழுத்தினால் மரத்தில் நீர் ஏறும் நுண்துளைகள் நசுங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள்.

தேக்காக இருந்தால், ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். வளையத்தின் பின்பகுதியில் அவை சிறுத்து அருகிப் போகும். வெறுங்கண்ணுக்கே அந்த வரிசை தெரியும். சீவிய இடத்தைத் தடவினால் மெழுகு தேய்த்தது போன்ற வழவழப்பும், முகர்ந்தால் பதப்படுத்திய தோலை ஒத்த வாசனையும் இருக்கும். பழைய தேக்கிலும், புதிதாகச் சீவினால் அந்த வாசனை எழும். இவை இல்லையென்றால் தேக்கை விட்டுவிடலாம்.

முறிந்த கட்டையின் அளவையும் எடையையும் குறித்து வையுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

கூடலூரான்

சகோதரி, ஏலச் சீட்டே விடையைச் சொல்லிவிட்டது என்பது என் கருத்து. ஆங்கிலேயர்கள் ஈட்டி மரத்தைத்தான் நெடுங்காலமாக பிளாக்வுட் என்று அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பம்பாயில் நுணுக்கமான செதுக்கு வேலையுடன் செய்து கப்பலேறிய மேசை நாற்காலிகள் "பம்பாய் பிளாக்வுட்" என்றே பெயர் பெற்றன. அவை ஈட்டியில் செய்தவை. மலபார்ப் பகுதியிலும் அதே பெயர் வழங்கியது. கூடலூரும் வயநாடும் ஈட்டிக்குப் பேர்போன காடுகள். குன்னூர் பங்களாவுக்கு இங்கிருந்து மரம் போயிருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈட்டி என்றாலும், தோதகத்தி என்றாலும், நூக்கு என்றாலும் ஒரே மரம்தான். தமிழ்நாட்டில் 1994-இல் ஈட்டி மரங்களைக் காக்கவே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பன்னாட்டு வணிகத்தில் ஈட்டி சேர்ந்த பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்த வியாபாரி அவசரப்பட்டதன் காரணம் இதுவாகவே இருக்கும். விற்றுவிடாதீர்கள்.

கொடைமலை

நான் கொடைக்கானலில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கூடலூர் நண்பர் பம்பாயைப் பற்றியும் மலபாரைப் பற்றியும் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் மலைக்கு மேலே அதே பெயர் வேறொரு மரத்துக்குப் போய்விட்டது. இந்த இழையில் எழும் குழப்பம் முழுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியிலும் பழனி மலையிலும் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு விறகுப் பஞ்சம் ஏற்பட்டது. புல்வெளிகள் பரந்து கிடந்தன. சோலைகளோ பள்ளங்களில் சிறு சிறு திட்டுகளாக இருந்தன. சோலை மரம் மெல்ல வளர்வது. அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து விரைவாக வளரும் மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று நாம் கற்பூர மரம் என்று சொல்லும் யூக்கலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டிலும் அப்படி வந்தவையே. வாட்டிலின் பங்காளியான அக்கேசியா மெலனாக்சிலான் என்ற மரமும் அவற்றுடன் வந்தது. ஆஸ்திரேலியாவில் அதன் வணிகப் பெயர் பிளாக்வுட். பெயரையும் மரத்துடனேயே கொண்டுவந்தார்கள். கொடைக்கானலில் இன்றும் சோலை ஓரங்களில் அது தானாக முளைத்துப் பரவுவதைப் பார்க்கலாம். கன்றாக இருக்கும்போது சீகையைப் போலச் சிற்றிலைகள் இருக்கும். வளர வளர இலைக்காம்பே தட்டையாகி அரிவாள் வடிவில் இலையாக நின்றுவிடும். ஒரே கிளையில் இரண்டு வகையும் சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

ஆகவே பம்பாய் வணிகரின் கணக்கேட்டில் பிளாக்வுட் என்றால் அது ஈட்டி. குன்னூர் பங்களாவின் ஏலச் சீட்டில் 1961-இல் பிளாக்வுட் என்று இருந்தால் அது ஈட்டியாகவும் இருக்கலாம், இந்த ஆஸ்திரேலிய மரமாகவும் இருக்கலாம். சீட்டைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. கட்டையைத்தான் கேட்க வேண்டும்.

நல்வாய்ப்பாக இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. இரண்டிலும் துளைகள் தேக்கைப் போல வரிசை கட்டாமல் பரவலாகச் சிதறியிருக்கும். வேறுபாடு துளைகளைச் சுற்றியுள்ள வெளிர் திசுவில் இருக்கிறது. ஈட்டியில் அந்தத் திசு துளையின் இரு பக்கமும் சிறகு போல நீண்டு, அடுத்த துளையின் சிறகுடன் சேர்ந்து, அலையலையான மெல்லிய கோடுகளாகக் குறுக்கே ஓடும். ஆஸ்திரேலிய மரத்தில் துளையைச் சுற்றி ஒரு சிறிய வெளிர் வளையம் மட்டுமே இருக்கும், அலைக்கோடுகள் இரா.

இரண்டாவது சோதனை நீளவாக்கு முகத்தில். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கீற்றுகளைக் கதிர்த் திசுக்கள் என்போம். ஈட்டியில் அவை மாடி அடுக்குப் போல ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதால், மரத்தின் வெளிப்பட்டைக்கு இணையாக அறுத்த பக்கத்தைச் சீவி லென்ஸில் பார்த்தால், நீர்ப்பரப்பில் காற்று வீசியது போல நெருக்கமான கிடைக்கோடுகள் தெரியும். அக்கேசியாவில் இந்த அடுக்கு இல்லை.

தாண்டிக்குடி

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இப்படிப்பட்ட கேள்வி எழுந்தால் வேங்கையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிறத்தில் ஏமாற்றக்கூடிய மரம் அது. அதைச் சோதிப்பது எளிது. சாயம் படாத உட்பகுதியிலிருந்து ஒரு தேக்கரண்டிச் சீவலை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் தம்ளரை வெயிலில், ஒரு கருப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். வேங்கையாக இருந்தால் தேநீர் நிறத்திலுள்ள அந்தத் தண்ணீரின் ஓரத்தில் நீல ஒளி மின்னும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வேங்கை மரத் தம்ளர்களை விற்கிறார்களே, அவற்றில் ஊற வைத்த தண்ணீரிலும் இதைக் காணலாம்.

உங்கள் கணவர் சொன்ன சில்வர் ஓக்கையும் ஒதுக்கிவிட வேண்டாம். பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் தேயிலை, காபித் தோட்டங்களில் நிழல் மரமாக நிலைத்துவிட்டது. அதன் கதிர்கள் மிக அகலமானவை. ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால் பலகை முழுவதும் மீன் செதில் பதித்தது போலப் பளபளக்கும். எங்கள் களஞ்சியத்துக் கதவு அந்த மரம்தான். வெறுங்கண்ணுக்கே தெரியும், லென்ஸ் தேவைப்படாது.

குன்னூர்வாசி

எல்லோருக்கும் என் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று.

முதலில் பஞ்சு. பூச்சு இளகியது, பஞ்சில் மங்கிய செம்மண் நிறம் இறங்கியது. ஆகவே அரக்கும் சாயமும் சேர்ந்தே இருக்கின்றன.

அடுத்து எடை. கழன்று வந்த பாதிக் கட்டையில், முறிவை அறுத்து எறிந்த பின், சீரான உருளையாக 20 சென்டிமீட்டர் நீளம் கிடைத்தது. குறுக்களவு 2.2 சென்டிமீட்டர். சமையலறையிலுள்ள மின் தராசில் 49 கிராம் காட்டியது.

சவரத் தகட்டால் சீவுவதற்கு ஐந்து முறை முயன்றேன். முதல் நான்கு முறையும் தச்சர் ஐயா எச்சரித்தபடியே அழுத்திவிட்டேன், மங்கலாக இருந்தது. ஐந்தாம் முறை தகட்டைச் சாய்த்து இழுத்ததும் ஈர மண்ணைப் போல ஒரு சிறு பளபளப்பு வந்தது. என் தங்கையின் கணவர் நகைத் தொழிலில் இருப்பதால் அவரிடமிருந்து லென்ஸ் வாங்கி வந்திருந்தேன். அதன் வழியே கண்டதை அப்படியே எழுதுகிறேன். பொன்பழுப்பு நிறத் தளத்தில் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் அங்கங்கே, தனித்தனியாகவும் இரண்டு மூன்றாக ஒட்டியும் கிடக்கின்றன. வரிசை எதுவும் இல்லை. ஒவ்வொரு துளையைச் சுற்றிலும், மழை நாளில் தெருவிளக்கைச் சுற்றித் தெரியும் வட்டம் போல, மெல்லிய வெளிர் வளையம் இருக்கிறது. அலையலையாக ஓடும் கோடுகளை எவ்வளவு தேடியும் காணவில்லை. கதிர்கள் மிக நுண்ணிய கீற்றுகளாக உள்ளன. சீவிய இடத்தில் தோல் வாசனை இல்லை, வழவழப்பும் இல்லை.

நீளவாக்கில் கிடைக்கோடுகளும் தெரியவில்லை. ஆனால் நான் சரியான முகத்தைத்தான் பார்த்தேனா என்பதில் எனக்கு உறுதியில்லை. தம்ளரில் ஊறிய தண்ணீர் வெளிர் தேன் நிறமாக இருந்தது. நீல ஒளி எதுவும் இல்லை.

கோத்தகிரி தச்சர்

அம்மா, மிகப் பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள். கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

2.2 குறுக்களவும் 20 நீளமும் உள்ள உருளையின் கன அளவு சுமார் 76 கன சென்டிமீட்டர். 49 கிராமை 76-ஆல் வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.64 கிராம் வருகிறது. உலர்ந்த ஈட்டி ஏறத்தாழ 0.83, அதாவது அதே கட்டை ஈட்டியாக இருந்தால் தராசு 63 கிராம் அளவில் காட்டியிருக்க வேண்டும். 14 கிராம் வேறுபாடு சமையலறைத் தராசின் பிழையாக இருக்க முடியாது. குன்னூரின் ஈரக் காற்றில் மரம் சிறிது ஈரத்தை ஏற்றி வைத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அது எடையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. வேங்கையும் 0.8-ஐ ஒட்டிய எடைதான். தம்ளரும் இல்லை என்று சொல்லிவிட்டது.

எடையைக் கொண்டு தேக்கை நீக்க முடியாது, ஏனெனில் அதுவும் 0.65 அளவில் இருப்பதே. ஆனால் துளை வரிசை இல்லை, வாசனை இல்லை, வழவழப்பு இல்லை. எங்கள் பட்டறையில் நிலம்பூர்த் தேக்கை எத்தனையோ முறை அறுத்திருக்கிறேன். துளை வரிசை கண்ணுக்குத் தெரியாத தேக்கை இதுவரை நான் கண்டதில்லை. உங்கள் தெரு ஆசாரி மேற்பரப்பின் ரேகையை மட்டும் பார்த்துச் சொல்லியிருப்பார். அதில் தவறுவது எவருக்கும் நேரும்; எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒருமுறை சந்தனவேம்பில் செய்த அலமாரியைத் தேக்கு என்று நம்பி விலை பேசிவிட்டுப் பிறகு பின்பலகையை அறுத்தபோதுதான் அறிந்தேன்.

கூடலூரான்

இந்த முடிவை ஏற்றுக்கொள்வதற்கு முன் நானும் ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினேன். எங்கள் பாட்டியின் நகைப்பெட்டி ஈட்டியில் செய்தது என்பதில் ஐயமே இல்லை. எங்கள் நிலத்தில் காற்றில் விழுந்த மரத்தை அறுத்துச் செய்தது என்று வீட்டில் எல்லோரும் அறிவார்கள். அதன் அடிக்கட்டையின் ஓரத்தில் சிறிது சீவினேன்.

சீவியவுடனேயே ரோஜாவை நினைவூட்டும் இனிய வாசனை எழுந்தது. அதைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வரும் வாசனை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்; மரத்தின் வாசனை என்று எண்ணியதில்லை. குறுக்கு முகத்தில், ஊதா கலந்த கருப்புத் தளத்தில், துளைகளைத் தொட்டுத் தொட்டு அலைக்கோடுகள் ஓடுகின்றன. கொடைமலை ஐயா சொன்ன அதே வடிவம். நீளவாக்கு முகத்தில் கிடைக்கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்குள் பல இருக்கும்படி நெருக்கமாக உள்ளன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகின்றன. சகோதரி, முகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: குறுக்கு முகத்தில் கதிர்க் கீற்றுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ, அதற்குச் செங்குத்தான பக்கத்தைச் சீவிப் பாருங்கள்.

உங்கள் வர்ணனையில் இவை எதுவும் இல்லை. எனவே நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாற்காலி ஈட்டி அன்று. சீட்டிலுள்ள பெயர் என்னைத் தவறான பக்கம் இழுத்துவிட்டது.

கொடைமலை

கூடலூர் நண்பர் பெட்டியையே சீவிப் பார்த்துச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

இப்போது எஞ்சியிருப்பது அக்கேசியா. லென்ஸ் வழியே நாம் பேரினம்வரை துணிந்து சொல்லலாம். அதற்கு மேல் எந்தச் சிற்றினம் என்று உறுதிப்படுத்த நுண்ணோக்கியில் மெல்லிய சீவலை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நம் மலைகளின் சூழ்நிலையைக் கருதினால் ஐயத்துக்கு இடம் குறைவு. சீகையைத் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் வளர்த்தார்கள். அடிமரம் பருமனாவதற்கு முன்பே வெட்டிவிடுவது வழக்கம், மரமும் இதைவிடக் கனமானது. பிளாக்வுட்டோ பருத்து உயர்ந்து வளரும், இழைத்தால் வழுவழுப்பாகும், ஆஸ்திரேலியாவில் நாற்காலி மேசைகளுக்கென்றே மதிக்கப்படுவது. 0.64 என்ற எடையும் பொன்பழுப்பு நிறமும் துளையைச் சுற்றிய வளையமும் அதற்கே பொருந்துகின்றன. கற்பூர மரமாக இருக்குமோ என்று யாரேனும் கேட்கலாம். அது உலரும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும் மரம், இவ்வளவு மெல்லிய கைகளை அதில் எடுத்திருக்க மாட்டார்கள்.

நுண்ணோக்கி உறுதி வேண்டுமானால் பெங்களூரு மல்லேசுவரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மர மாதிரிகளை இனங்காணும் வேலை நடைபெறுகிறது. அதற்குமுன் கோவைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். மரவகைகளை அறுத்து வைத்திருக்கிறார்கள். ஈட்டியையும் தேக்கையும் வேங்கையையும் நேரில் கண்டுவிட்டால் அதன்பிறகு எந்த வியாபாரி சொல்வதையும் எடைபோட்டுக் கேட்க முடியும்.

கோவை மரக்கடை

சண்டிகர் என்று அந்த வியாபாரி சொன்னதை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அதன் அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே தலைமையில் வடிவமைத்த நாற்காலிகள் பெரும்பாலும் தேக்கில் செய்தவை. உங்கள் கட்டை தேக்கு இல்லை என்று ஆன பிறகு அந்தப் பேச்சு வலுவிழக்கிறது. மெலிந்த கால், துடுப்புக் கை என்பன அன்று உலகெங்கும் பரவியிருந்த மோஸ்தர். டென்மார்க்கில் தேக்கில் செய்த நாற்காலிகளின் படங்களைப் பத்திரிகையில் பார்த்து, அருகில் கிடைத்த மரத்தில் மலைத் தச்சர் ஒருவர் செய்து கொடுத்திருக்கலாம். என் கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது. அதனால் நாற்காலியின் மதிப்புக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தங்கையிடம் உள்ள இரண்டாவது நாற்காலி குன்னூர்க் குளிரிலிருந்து கோவை வெயிலுக்கு இறங்கியது. மலையின் ஈரத்துக்குப் பழகிய மரம் கீழே வந்து சுருங்கும்போது முதலில் பொருத்துகள்தான் தளரும். கால்களை இருபுறமும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் ஆணி அடிக்க விடாதீர்கள். பழைய வஜ்ஜிரத்தை, அதாவது விலங்குத் தோல் பசையை, வெந்நீர் ஒற்றி இளக்கிக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் வஜ்ஜிரத்திலேயே ஒட்ட வேண்டும். வேறு பசை போட்டால் அடுத்த முறை கழற்றும்போது மரம் பிளக்கும்.

தாண்டிக்குடி

இருக்கையின் அடியில் நான்கு மூலையிலும் முக்கோணக் கட்டைகள் இருக்குமே, அவற்றைப் பார்த்தீர்களா? கண்ணில் படாத இடத்துக்கு வேறு மரத்தைப் போடுவது அன்றைய வழக்கம்.

குன்னூர்வாசி

அன்றிரவே நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன், தாண்டிக்குடி ஐயா. மூலைக்கட்டைகளில் பாலிஷ் ஏறவேயில்லை. இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம்; ஒன்றின் பக்கவாட்டில் நீங்கள் எழுதிய மீன் செதில்கள் கைவிளக்கு வெளிச்சத்தில் அப்படியே மின்னின. சில்வர் ஓக். என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னது நாற்காலியின் நான்கு மூலைகளுக்கு மட்டும் சரி என்றாயிற்று.

கூடலூர் அண்ணா சொன்ன வழியில் கதிருக்குச் செங்குத்தான பக்கத்தையும் சீவிப் பார்த்துவிட்டேன். கிடைக்கோடுகள் இல்லை. ஊட்டி வியாபாரி இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

புதிய கட்டைக்கு மரம் தேடுவது இதைவிடக் கடினமாக இருந்தது. காட்டில் நிற்பதை வெட்ட அனுமதி வேண்டும். அதற்கு எனக்கு மனமும் இல்லை. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்தைப் பிரித்தபோது குவித்து வைத்த ஜன்னல் சட்டங்களைப் பார்த்து வரலாம் என்று தச்சர் ஐயாவே கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். ஒவ்வொரு சட்டத்தின் முனையையும் சவரத் தகட்டால் சீவி லென்ஸில் பார்த்தோம். பன்னிரண்டில் ஒன்பது கற்பூர மரம், இரண்டு சில்வர் ஓக். கடைசிச் சட்டத்தில் அந்த வெளிர் வளையங்கள் தெரிந்தன. அதிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கடைந்து, வஜ்ஜிரம் காய்ச்சி, நேற்று மாலை பொருத்திக் கொடுத்தார்.

புதிதாகக் கடைந்த மரம் மற்ற கால்களைவிட வெளுத்துத் தெரிகிறது. சாயம் ஏற்றிச் சமன் செய்யட்டுமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன், அவலரக்கு மட்டும் இரண்டு கை பூசினோம். இருக்கையின் அடியில், பென்சிலால், எந்தக் கட்டை எந்த மரம், எது எந்த ஆண்டில் மாற்றியது என்று எழுதி, அப்பாவின் ஏலச் சீட்டின் நகல் ஒன்றையும் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கோவைக்குப் போகும்போது லென்ஸையும் சவரத் தகட்டையும் எடுத்துச் செல்கிறேன். தங்கை வீட்டு நாற்காலியின் முடிவை இங்கேயே எழுதுகிறேன்.